பேஸ்பால் கார்டு பெருகிக்கொண்டே போகிறது: எப்படி அடுக்குவது, எப்படிப் பட்டியல் போடுவது?

எடிசன்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், மகன் எட்டாவது படிக்கிறான். கடையில் பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை) பாக்கெட் பாக்கெட்டாக வாங்க ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகும்போது தன் பிள்ளைகள் விட்டுப்போன கார்டு பெட்டிகளை எல்லாம் இவனிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் கராஜ் சேலில் எங்கே பெட்டி தெரிந்தாலும் காரை நிறுத்தச் சொல்கிறான். பெரும்பாலும் 1987இலிருந்து 1992 வரை வந்த கார்டுகள், கூடவே இப்போது வருகிற புதுசுகள். எல்லாம் ஷூ பெட்டிகளில் கலந்து கிடக்கின்றன.

அவனுக்கு ஆட்டக்காரர் வாரியாக அடுக்க ஆசை, ஒடானி எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். அவன் அப்பா வருட வாரியாகத்தான் வைக்க வேண்டும் என்கிறார். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும், இருப்பதையே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம். எக்செல் போதுமா, செயலி வேண்டுமா, எந்த உறை வாங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குயின்ஸ்வாசி:

அம்மா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள், இன்னும் இரண்டு வருடம் போனால் மலைப்பாக இருந்திருக்கும்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கார்டு எங்கே இருக்கிறது என்பது ஒரு விஷயம், பட்டியலில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். உங்கள் வீட்டுச் சண்டையே இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான். பட்டியல் சரியாக இருந்தால் ஒடானி எந்தப் பைண்டரில் இருந்தாலும் கவலை இல்லை, பையனும் ஜெயித்தான், அப்பாவும் ஜெயித்தார்.

பட்டியலுக்கு நீங்களாக ஒரு வரிசை எண் உண்டாக்காதீர்கள். ஒவ்வொரு கார்டும் தன் விலாசத்தைத் தானே சுமந்துகொண்டுதான் வருகிறது: ஆண்டு, செட் (ஒரு கம்பெனி ஒரே வரிசையாக வெளியிட்ட தொகுதி), எண். டாப்ஸ் என்ற கம்பெனியின் 1987 கார்டு ஒன்றைக் கையில் எடுங்கள். முகப்பில் மரப்பலகை போன்ற ஓரம் இருக்கும். திருப்பினால் பழுப்பு அட்டையில் மஞ்சளும் நீலமுமாக அச்சு, மேலே ஒரு எண். அந்த எண் 320 என்றால் உலகத்தில் யாரிடம் '1987 டாப்ஸ் 320' என்று சொன்னாலும் பாரி பாண்ட்ஸ் என்று புரிந்துவிடும். 366 என்றால் மார்க் மெக்வயர்.

எந்த ஆண்டு என்று குழப்பமாக இருந்தால் பின்பக்கப் புள்ளிவிவரத்தின் கடைசி வரியைப் பாருங்கள். அது 1986இல் முடிந்தால் கார்டு பெரும்பாலும் 1987. காப்புரிமை வரியையும் ஒரு பார்வை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

பிரிக்கிற முறை இதுதான். முதலில் ஆண்டும் செட்டும். அப்புறம் ஒரே செட்டுக்குள் நூறு நூறாகக் குவியல் (1 முதல் 99, 100 முதல் 199 என்று), பிறகு ஒவ்வொரு குவியலையும் பத்துப் பத்தாக. ஒவ்வொரு கார்டாக எடுத்து இடம் தேடிச் செருகுவதைவிட இது பல மடங்கு வேகம். சாப்பாட்டு மேசை ஒரு சனி ஞாயிறு மட்டும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ்_ரேஞ்சர்:

குயின்ஸ் சார் சொல்வது சேகரிப்பு அறிஞருக்குச் சரி. எட்டாவது படிக்கிற பையனுக்கு? எண் வாரியாக நீளப் பெட்டியில் நிறுத்தி வைத்த கார்டை அவன் என்றைக்கு எடுத்துப் பார்ப்பான்? என் பெண்ணும் நானும் அணி வாரியாகத்தான் வைத்திருக்கிறோம். எங்கள் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஆட்டம் நடக்கும்போது ரேஞ்சர்ஸ் பைண்டரை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்போம். அந்த அணியில் குமார் ராக்கர் என்று ஒரு பந்துவீச்சாளர். அம்மா வழியில் இந்திய வம்சாவளி, 2022இல் புது ஆட்டக்காரர் தேர்வில் ரேஞ்சர்ஸ் முதல் சுற்றில் எடுத்தது, 2024இல் பெரிய லீகில் இறங்கினார். அவர் கார்டு அவளுக்கு முதல் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதை எண் வாரியாகப் பெட்டிக்குள் போடு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வராது.

அணி மாறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் விதி எளிது: கார்டில் எந்தச் சட்டை போட்டிருக்கிறாரோ அந்த அணி. ஒடானியின் 2018 கார்டு ஏஞ்சல்ஸ் பைண்டரில், 2024 கார்டு டாட்ஜர்ஸ் பைண்டரில்.

டொரண்டோக்காரன்:

டாலஸ் அண்ணை, உங்கள் விதிக்கு உங்கள் அணியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1979 டாப்ஸ், எண் 369, பம்ப் வில்ஸ். அவர் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர். கார்டில் ப்ளூ ஜேஸ் என்று அடித்துவிட்டார்கள், பிறகு ரேஞ்சர்ஸ் என்று திருத்தியும் அடித்தார்கள். இரண்டும் புழக்கத்தில் இருக்கு. அவர் ஒரு நாளும் ப்ளூ ஜேஸுக்கு ஆடினது கிடையாது. சட்டையைப் பார்த்தால் டெக்சஸ், எழுத்தைப் பார்த்தால் டொரண்டோ. அணி வாரியாக வைத்தால் அவரை எங்கே வைப்பீர்கள்? எண் வாரியாக வைத்தால் 369க்குப் பக்கத்தில் 369, கேள்வியே இல்லை. என்னிடம் இரண்டும் அருகருகே இருக்கு, பார்க்க வடிவாகவும் இருக்கு.

சகோதரி, உங்கள் பெட்டிகளில் ஓ-பீ-சீ கார்டு கலந்திருக்குதா என்றும் பாருங்கள். கனடாவில் ஒன்டாரியோ லண்டனில் இருந்த கம்பெனி, டாப்ஸ் உரிமத்தில் அடித்தது. முகப்பு பார்க்க அப்படியே டாப்ஸ் போலவே இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்து இருக்கும். 1987 டாப்ஸ் செட் 792 கார்டு, அதே வருட ஓ-பீ-சீ 396 மட்டும்தான். அச்சுக்குப் போகும்முன் ஆள் அணி மாறியிருந்தால் முகப்பிலேயே சின்ன வரியில் அதைப் போட்ட கார்டுகளும் உண்டு. இதைத் தனிச் செட்டாக எழுதுங்கள், டாப்ஸோடு சேர்த்து டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சான்ஹோசே_தரவு:

தரவுத்தளம்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் கட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எக்செலோ கூகுள் ஷீட்டோ போதும். ஆண்டு, செட், எண், ஆட்டக்காரர், அணி, வகை, நிலை, இருக்கும் இடம், எத்தனை, வாங்கிய விலை. இதற்கு மேல் கட்டம் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். நிரப்ப முடியாத கட்டம் இருக்கிற பட்டியலை யாரும் தொடர்ந்து எழுதுவதில்லை.

எண் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டாப்ஸ் அப்டேட் செட்டில் எண்ணுக்கு முன்னால் 'யுஎஸ்' என்று வரும். மைக் ட்ரவுட்டின் 2011 ரூக்கி (அறிமுகக் காலக் கார்டு) யுஎஸ்175. இன்செர்ட் கார்டுகளில் (பாக்கெட்டில் கூடுதலாகச் செருகி வருபவை) நடுவில் கோடு போட்ட எண்கள் வரும், அவற்றில் சிலதை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிவிடும். அப்புறம் அதைத் திரும்பக் கண்டுபிடிப்பது பெரிய தொல்லை.

'வகை' என்று சொன்னேனே, அதுதான் இந்தக் காலத்துக் கார்டுக்கு உயிர். 1993இல் டாப்ஸ் தன் ஃபைனஸ்ட் செட்டில் ரிஃப்ராக்டர் என்ற, வானவில் போல மின்னும் கார்டைக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஒரே படம், ஒரே எண், நிறம் மட்டும் வேறு என்று பேரலல்கள் பெருகிவிட்டன. தங்க ஓரம் 50 அச்சு, ஆரஞ்சு 25, சிவப்பு 5, சூப்பர்ஃப்ராக்டர் ஒன்றே ஒன்று என்று க்ரோம் (பளபளப்பான பூச்சுள்ள) கார்டுகளில் போகும். '2018 டாப்ஸ் க்ரோம், இன்ன எண்' என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து ரூபாய்ப் பொருளும் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளும் பட்டியலில் ஒரே வரியாகத் தெரியும். தொடர் எண் அச்சடித்த கார்டு என்றால் அந்த எண்ணையும் (17/50 என்பது போல) எழுதிவிடுங்கள், திருட்டுப் போனால் உங்களுடையதுதான் என்று காட்ட அதுதான் உதவும்.

அதே போல, சாதாரணக் கார்டுக்கு ஒரு வரி, எத்தனை என்ற கட்டத்தில் 4. மதிப்புள்ள கார்டுக்கு ஒவ்வொரு பிரதிக்கும் தனி வரி, ஏனென்றால் ஒன்றின் மூலை மழுங்கியிருக்கும், மற்றது பிஎஸ்ஏ (கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் கம்பெனி) 9 ஆக இருக்கும்.

ஒரே கார்டில் இரண்டு பேர் இருந்தால்? 1968 டாப்ஸ் 177, மெட்ஸ் ரூக்கி கார்டு. நோலன் ரையனும் ஜெர்ரி கூஸ்மனும் சேர்ந்து இருப்பார்கள். ஆட்டக்காரர் வாரியாக அடுக்கினால் கூஸ்மன் ரசிகரும் ரையன் ரசிகரும் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். பட்டியலில் இரண்டு பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் யாரைத் தேடினாலும் வந்து நிற்கும்.

எடிசன்_அம்மா:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பையனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான், பம்ப் வில்ஸ் நம் பெட்டியில் இருக்குமா என்று உடனே தேடப் போய்விட்டான்.

இரண்டு கேள்வி. 87, 88, 89 என்று ஆயிரக்கணக்கில் சாதாரணக் கார்டு இருக்கிறதே, அதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யணுமா? இன்னொன்று, போனில் படம் எடுத்தால் தானே கண்டுபிடித்துப் பட்டியலில் போடும் செயலிகள் இருப்பதாக அவன் சொல்கிறான், நம்பலாமா?

குயின்ஸ்வாசி:

தட்டச்சு வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்துக் கார்டு அளவுக்கு மீறி அச்சடிக்கப்பட்டவை, எண்பதுகளின் பிற்பாதியும் தொண்ணூறின் தொடக்கமும். பெரும்பாலான கார்டுக்கு விலை என்று ஒன்றும் கிடையாது. அவற்றுக்கு இல்லாததன் பட்டியல் போடுங்கள். 792 எண்களையும் ஒரு தாளில் அச்செடுத்து இருப்பதை அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்பது நீங்கள் தேட வேண்டியது. அந்தத் தாளை மடித்துப் பையன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கராஜ் சேலுக்குப் போகட்டும். இருப்பதையே திரும்ப வாங்குவது அதோடு நின்றுவிடும்.

792 ஏன் என்று அவன் கேட்டால் சொல்லுங்கள்: டாப்ஸ் ஒரு அச்சுத் தாளில் 132 கார்டு அடித்தது, ஆறு தாள் சேர்ந்தால் 792. எழுபதுகளின் நடுவில் 660 இருந்தது, அது ஐந்து தாள். ஒன்பது பை கொண்ட பக்கங்களில் போட்டால் 792 சரியாக 88 பக்கம், ஒரு பை கூட மிஞ்சாது. ஒரு தடித்த பைண்டரில் ஒரு முழுச் செட் அடங்கும்.

இல்லாததன் பட்டியலில் ஒரு எச்சரிக்கை. 1997இலிருந்து சில வருட டாப்ஸ் செட்களில் 7ஆம் எண் கிடையாது. யாங்கீஸ் அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் 1995இல் காலமானார், அவர் சட்டை எண் 7, அதனால் 1996இல் அவரையே 7ஆம் கார்டாகப் போட்டுவிட்டு அந்த எண்ணை ஓய்வு கொடுத்து வைத்தார்கள். 2006இல் மறுபடி மேன்டிலுக்கே கொடுத்தார்கள். இடையில் உள்ள வருடங்களில் 7 கிடைக்கவில்லையே என்று கடை கடையாகத் தேடாதீர்கள். அந்தப் பைக்குள் ஒரு வெற்றுத் தாள் போட்டு 'அச்சிடப்படவில்லை' என்று எழுதி வையுங்கள்.

சான்ஹோசே_தரவு:

செயலி விஷயத்தில் என் கருத்து: படம் எடுத்து அடையாளம் காண்பது முதல் ஓட்டத்துக்கு நல்லது, முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டக்காரரையும் ஆண்டையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். பேரலலில்தான் சறுக்கும். பளபளப்பு படத்தில் சரியாக விழாது, சாதாரணக் கார்டை ரிஃப்ராக்டர் என்று சொல்லும், அதற்குரிய விலையையும் காட்டும், பையன் குதித்துவிடுவான்.

அவன் கையாலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இப்போதைய டாப்ஸ் கார்டின் பின்பக்கத்தில், அடியில் காப்புரிமை வரிகளோடு சேர்ந்து, பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கவே முடியாத அளவில் 'சிஎம்பி' என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். அதே செட்டின் சாதாரணக் கார்டுகளில் எல்லாம் கடைசி இலக்கங்கள் ஒன்றாக இருக்கும். படம் மாற்றி அடித்த அரிய கார்டில் மட்டும் அது வேறாக இருக்கும். முகப்பைப் பார்த்து 'இந்தப் படம் வேறு மாதிரி இருக்கே' என்று சந்தேகம் வந்தால் இதைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

டிசிடிபி என்ற தளம் இலவசம், செட் செட்டாக முழுச் செக்லிஸ்ட் இருக்கும், இருப்பதையும் வேண்டியதையும் குறித்துக்கொண்டே போகலாம், மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் மாதம் ஒரு முறையாவது உங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளமும் எந்தச் செயலியும் என்றைக்கும் இருக்கும் என்று நம்பி உழைப்பை முழுவதும் அங்கே கொட்ட வேண்டாம்.

டாலஸ்_ரேஞ்சர்:

உறை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பைண்டர் பக்கம் வாங்கும்போது பிவிசி இல்லாதது, அமிலமில்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய காலத்து மெத்து மெத்தென்ற பிளாஸ்டிக் பக்கத்திலிருந்து ஒரு வாடை வரும், கார்டு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்ததில் அப்படிப் பைண்டர் இருந்தால் முதல் வேலையாகக் கார்டுகளை வெளியே எடுங்கள். வளையம் வட்டமாக இருக்கிற பைண்டர் வேண்டாம், ஒரு பக்கம் நேராக இருக்கிற டி வளையம் வாங்குங்கள். வட்ட வளையத்தில் உள்பக்கத்து வரிசைக் கார்டுகள் நசுங்கி வளைந்துவிடும்.

நல்ல கார்டுக்கு முதலில் மெல்லிய பென்னி ஸ்லீவ், அதற்கு மேல் டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை). ஸ்லீவ் இல்லாமல் நேராக டாப்லோடரில் தள்ளினால் பரப்பில் கீறல் விழும். தடிமன் பார்த்து வாங்க வேண்டும்: சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட் போதும், சட்டைத் துணி பதித்த கார்டு எல்லாம் 130 வரைகூடப் போகும். ரப்பர் பேண்ட் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் எப்போதாவது கையில் வந்தால் அது சற்றுப் பெரிசு. இப்போதைய இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவு 1957இல்தான் வந்தது. சாதாரண ஒன்பது பைப் பக்கத்தில் திணிக்காதீர்கள், மூலை போய்விடும்.

நியூ ஜெர்சி பேஸ்மென்ட் ஈரம் உங்களுக்கே தெரியும். க்ரோம் கார்டு ஈரத்தில் சுருண்டுகொள்ளும். மேல்மாடி அலமாரியில் வையுங்கள், தரையிலிருந்து உயர்த்தி. 5000 கார்டு பிடிக்கிற பெரிய அட்டைப் பெட்டி மலிவுதான், ஆனால் நிறைந்தால் பையனால் தூக்க முடியாது, தூக்கும்போது அடி திறந்துகொண்டால் எல்லாம் போச்சு. 800 பிடிக்கிற நீளப் பெட்டிதான் நல்லது, ஒரு பெட்டிக்கு ஒரு டாப்ஸ் செட் ஏறக்குறைய சரியாக அமையும்.

அணி வாரியை நான் விடப்போவதில்லை, ஆனால் பட்டியலை ஆண்டு-செட்-எண் என்று மாற்றுகிறேன். அதில் குயின்ஸ் சார் சொன்னதே சரி.

குயின்ஸ்வாசி:

டாலஸ், உங்கள் ரேஞ்சர்ஸ் பைண்டரை யாரும் கேட்கவில்லை, நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுகளைச் செட் வாரியாகப் பட்டியல் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரத்தில் ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர். மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, மூட்டுவாதத்தில் கைவிரல்கள் மடங்கிப்போனவர். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டியில், மிட்டாய்ப் பெட்டியில் வந்த அட்டைகளுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. இவர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் குறியீடு கொடுத்துப் பட்டியல் அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி', பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு 'என்', பழைய மிட்டாய்க்கு 'ஈ'. பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் பேர்பெற்ற கார்டை இன்றைக்கும் உலகமே 'டி206' என்று சொல்கிறதே, அந்த 206 இவர் வைத்த எண்தான்.

கடைசியில் தன் முழுச் சேகரிப்பையும், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளை, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் 30,000க்கு மேல் பேஸ்பால் கார்டுகள், வாக்னரும் உண்டு. வருடக்கணக்காக அருங்காட்சியகத்துக்கு வந்து, அந்த விரல்களாலேயே ஆல்பங்களில் ஒட்டி முடித்தார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்துபோனார்.

பசை போட்டு ஒட்டினார் என்றதும் இந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் விற்பதற்காகச் சேர்த்தவர் அல்ல, அந்தச் சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் வீட்டுக் கார்டுக்குப் பசை வேண்டாம், அவர் பட்டியல் போட்ட முறை போதும்.

டொரண்டோக்காரன்:

இந்தக் கதையை என் பெடியனுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல மனிதர்.

எடிசன்_அம்மா:

மன்னிக்கவும், பள்ளிப் பரீட்சையால் தாமதம். நாங்கள் முடிவு செய்தது இது. பழைய செட்டுகள் 800 பெட்டிகளில், எண் வாரியாக. ஒடானிக்குத் தனி பைண்டர், 2018 டாப்ஸின் 700ஆம் எண்ணும் அப்டேட்டின் யுஎஸ்1ம் முதல் பக்கத்தில் வந்துவிட்டன. பெட்டியிலிருந்து எடுத்த இடத்தில் ஒரு சிறு அட்டையில் '700, பைண்டரில்' என்று எழுதிச் செருகியிருக்கிறான், அது அவனுடைய யோசனை. பட்டியலில் இடம் என்ற கட்டத்தையும் மாற்றிவிட்டான். அவன் அப்பாவுக்குத் திருப்தி.

1987 டாப்ஸ் ஏறக்குறைய முடிந்தது. இல்லாதவை: 48, 131, 170, 366, 512, 640, 771. டூப்ளிகேட் ஏராளம், 320 மட்டும் மூன்று இருக்கிறது. பம்ப் வில்ஸ் கிடைக்கவில்லை, 1979 கார்டே எங்களிடம் இல்லை.

டொரண்டோக்காரன்:

சகோதரி, 366 என்னிடம் இரண்டு இருக்கு, ஒன்றின் மேல் இடது மூலை கொஞ்சம் மழுங்கல், நல்லதையே அனுப்புகிறேன். 131, 512ம் இருக்கு. எனக்கு மாற்றாக ஒரு 320 போதும். ஸ்லீவ் போட்டு டாப்லோடரில் வைத்து, வாயை நீல பெயின்டர்ஸ் டேப்பால் ஒட்டுங்கள், டேப் நுனியை மடித்து விட்டால் பிரிக்கச் சுகம். சாதாரண செலோ டேப் வேண்டாம், பசை உள்ளே இறங்கும்.

குயின்ஸ்வாசி:

48ம் 640ம் என் பெட்டியில் இருக்கின்றன, 170 பார்த்துச் சொல்கிறேன். மாற்றுக்கு எதுவும் வேண்டாம். தம்பி பட்டியலில் அடித்துவிட்டு, 771 மட்டும் தேடட்டும்.